தாத்தாவின் எண்பதுக்குக் குடும்பப் படம்: உடைத் தேர்வு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2025, சனி

மதுரையில் பழைய ஓட்டு வீடு, வெள்ளையடித்த சுவர், திண்ணை. படம் எடுப்பது 31ஆம் தேதி ஞாயிறு காலை. யார் என்ன உடுத்துவது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் நால்வர். ஆகப் பன்னிரண்டு பேர்.

மூன்று வாரம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி, முன்னும் பின்னும் ஆவணிக் கல்யாணங்கள். அந்த வாரத்தில் தையல்காரர் பழைய ஜாக்கெட்டைப் பிரிக்க உட்காரமாட்டார். அதனால் ஊசி நூல் வேலை எதுவாக இருந்தாலும் 24ஆம் தேதிக்குள் முடிய வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே கலரில் எடுத்துவிடலாமா என்று மகள் கேட்டார். இப்போது பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். வேண்டாம் என்றேன். ஒரே நிறத்தில் பன்னிரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றால், யார் உடம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. 16க்கு 24 அங்குலப் படத்தில், இத்தனை பேர் இரண்டு வரிசையாக நிற்கும்போது ஒரு முகம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வராது. அந்தச் சின்ன முகத்தைத் தூக்கிக் காட்ட வேண்டியது பக்கத்தில் இருக்கும் துணி. ஒரே நிறம் அந்த வேலையைச் செய்யாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாற்ற முடியாத உடுப்பு எதுவோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இங்கே அது பாட்டியின் கூறைப்புடவை: அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அதைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டார். நல்லதுதான். நடுவில் உட்காருபவரின் நிறம் முடிவானால் மற்ற பதினொரு பேருக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழைய பட்டை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மடிப்புக் கோட்டில் ஊசிக்கண் மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அங்கே இழை விட்டுப்போயிருக்கிறது. இந்தப் புடவையில் தலைப்புக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு இடத்தில் அப்படி இருக்கிறது. கொசுவத்துக்குள் போய்விடும் இடமாக இருந்தால் கவலையில்லை. இது தோள்மடிப்பில் வருகிறது. அந்த இடத்துக்கு உள்பக்கமாக, அதே நிறத்தில் மெல்லிய பட்டுத்துண்டு வைத்து, ஒற்றை நூலில் தளர்வாகக் கைத்தையல் போடச் சொல்லியிருக்கிறேன். மெஷினில் தைத்தால் ஊசி போன வரிசையிலேயே கிழியும்.

பூச்சி உருண்டை வாசனை போக நிழலில், காற்றில் இரண்டு நாள் விரித்துப் போட வேண்டும். வெயில் கூடாது, அரக்கு வெளுக்கும். கம்பிக் கொடியில் நேராகப் போடாமல், அடியில் ஒரு பருத்தித் துண்டைப் போட்டு அதன்மேல் விரிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று மற்ற பெண்களின் சேலைகள். ஒவ்வொருவரும் மூன்று சேலை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். படம் எடுக்கப்போகும் அதே திண்ணையில், காலை ஏழரை மணி வெளிச்சத்தில், பாட்டி சேலைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக விரித்து போனில் படம் எடுத்தோம். கடையின் மஞ்சள் விளக்கிலும் வீட்டு டியூப்லைட்டிலும் பார்த்து முடிவெடுத்தால் வெளிச்சத்தில் வேறு நிறமாக வந்து நிற்கும்.

அடுத்து அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். இதைவிட எளிதான சோதனை எனக்குத் தெரியாது. கண்ணுக்கு அரக்கும் கரும்பச்சையும் எதிரெதிர் நிறங்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரே பொதியாகத்தான் தெரியும். பெரிய மருமகள் ஆசையாக எடுத்து வைத்திருந்த கரும்பச்சை இந்த இடத்தில்தான் மாட்டியது. அதை விடச் சொல்லவில்லை. அவரைப் பாட்டியின் பக்கத்திலிருந்து பின்வரிசைக்கு மாற்றி, வெள்ளைச் சட்டைக்காரர் இருவருக்கு நடுவில் நிறுத்தினால் அதே கரும்பச்சை அழகாகத் தனித்து நிற்கும்.

சின்ன மருமகளின் கிளிப்பச்சைதான் சிக்கல். பளிச்சென்ற துணி தன் நிறத்தை மேலே அடிக்கும். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்: தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பச்சை படிந்திருந்தது. பின்னால் கம்ப்யூட்டரில் அதை எடுக்கப் போனால் தோல் நிறமும் சேர்ந்து கெடும். ராணி கலருக்கு வேறு தொல்லை. டிஜிட்டல் கேமராவில் அந்த நிறம் சீக்கிரம் நிரம்பிவிடும். நெசவும் மடிப்பும் தெரியாமல் ஒரே பூச்சாக விழும். கடைசியில் அவருடைய எம்.எஸ். ப்ளூ தேறியது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த அந்த நீலம், அரக்குக்குப் பக்கத்தில் அடக்கமாகவும் இருக்கும், தனியாகவும் தெரியும். பாட்டியின் சேலையைவிட ஒரு படி வெளிர்ப்பாக விழுகிறது, அதுதான் தேவை.

மகளுக்குச் சந்தன நிறத்தில் அரக்குக் கரை. மயில்கழுத்து வேண்டாம் என்றேன். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம் என்பதால் மடியில் நீலமாகவும் தோளில் பச்சையாகவும் தெரியும். தனிப்படத்துக்கு அருமையான சேலை. கூட்டத்தில் கண்ணை இழுக்கும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜாக்கெட் நாள். பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தளர்த்தும்போது பக்கத் தையலில் உள்ளே விட்ட துணி ஒரு பக்கம் முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும். இருந்தாலும், உள்ளே மடிந்திருந்த துணி வெளுக்காமல் இருப்பதால், விட்ட இடம் ஒரு கோடாகத் தெரியும். இடப்பக்கம் முந்தானை மறைத்துவிடும். வலப்பக்கம் கேமராவுக்குத் தெரியும். அதனால் கொடுக்க வேண்டியதை எல்லாம் இடப்பக்கமே கொடுக்கப் பார்க்க வேண்டும். அரை அங்குலம்வரை ஒரே பக்கம் கொடுத்தாலும் முதுகுத் தையல் கோணாது.

புது ஜாக்கெட் என்றால் லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி அக்குளில் சுருக்கம் விழும். ஃபால்ஸுக்கும் இதே கதைதான்: ஊறவைக்காமல் தைத்தால் சேலையின் அடி அலை அலையாக நிற்கும், உட்கார்ந்த படத்தில் அது முன்னால் வந்து நிற்கும்.

ஆண்கள் சட்டை சுலபம், ஒன்றைத் தவிர. மாப்பிள்ளை எடுத்து வந்தது பொடிக்கட்டம். ஐந்து மீட்டர் அகலத்துக்குள் நிற்கும் குழுவை, குறுக்கே 6000 புள்ளி (பிக்சல்) கொண்ட கேமராவில் எடுத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி சொச்சம்தான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கட்டம் அந்தப் புள்ளி வரிசையோடு மோதி, சட்டை முழுக்க வானவில் அலை ஓடும். பிறகு அழிப்பது கஷ்டம். கட்டம் கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். வெறும் நிறம் இன்னும் நிம்மதி. வெளிர்நீலமும் சாம்பலும் அக்குள் வேர்வையைக் காட்டிக் கொடுக்கும். மதுரை ஆகஸ்டுக்கு வெள்ளை அல்லது சந்தனம்தான்.

மூத்த பேரன், பதினேழு வயது, கறுப்புச் சட்டைதான் என்கிறான். வரிசைக்கு நடுவில் கறுப்பு நின்றால் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். கருஞ்சாம்பல் சம்மதமா என்று கேட்டேன், சரி என்றான். பின்வரிசை ஓரம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேட்டிகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். எந்த வீட்டிலும் யாரும் செய்யாத காரியம் இது, படத்தை அதிகம் கெடுப்பதும் இதுதான். வேட்டி எல்லாமே வெள்ளைதானே என்று நினைத்துக்கொள்கிறோம். திண்ணையில் ஐந்து வேட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்ததும் எல்லார் முகமும் மாறிவிட்டது. தாத்தாவுடையது நூல் வேட்டி, பழுப்பு ஏறியது. பெரிய மகனுடையது நீலம் தூக்கலாக. மாப்பிள்ளையின் புது வேட்டி, வெளுப்பேற்றும் சாயம் போட்ட துணி. பகல் வெளிச்சம் பட்டதும் ஊதாவாக மின்னுகிறது. மூன்றும் ஒரே படத்தில் வந்தால் தாத்தாவின் வேட்டி அழுக்காகத் தெரியும். அழுக்கே இல்லை, பக்கத்து வெள்ளை அப்படிக் காட்டும். அவருடைய எண்பதுக்கு எடுக்கிற படத்தில் அது நடக்கவே கூடாது.

வழி இரண்டு. எல்லாவற்றையும் ஒரே வாளியில், ஒரே சோப்புத்தூளில், ஒரே அளவு நீலத்தில் அலசுவது. பழைய நூல் வேட்டி அப்போதும் முழுசாக ஒட்டாது. அல்லது தாத்தாவின் பக்கம் எல்லாரும் போவது: ஐந்து பேருக்கும் வெளுக்காத சந்தன நிற வேட்டி, ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து. இரண்டாவதைத்தான் சொன்னேன். எட்டு முழம் இரட்டை வேட்டி. ஒற்றை வேட்டியில் வெளிச்சம் பின்னால் வந்தால் கால் நிழல் தெரியும். கஞ்சி லேசாக. மொடமொடவென்று இருந்தால் உட்கார்ந்து எழுந்த மடிப்பு பலகை விளிம்பு போல நிற்கும், நீவினாலும் போகாது.

சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் ஓரம் மெல்லிய சட்டையில் கோடாகத் தெரியும். தோல் நிறத்துக்குக் கிட்டத்தில் உள்ள பனியன் தெரியாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

சின்னப் பேத்திக்கு, ஆறு வயது, பட்டுப்பாவாடை. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்திருக்கிறார்கள், தோள் இறங்குகிறது. வெட்ட வேண்டாம், தோள் தையலின் உள்பக்கம் கைத்தையலில் மடித்துப் பிடித்தால் போதும், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். இடுப்பில் ஜரிகை குத்தும், அடியில் பருத்தி ஷிம்மி கட்டாயம். குட்டிப் பையனுக்கு வெல்க்ரோ வேட்டி. ஒட்டும் முனை தோலில் உரசாமல் சட்டையை உள்ளே விட்டு அதன்மேல் ஒட்ட வேண்டும்.

கொசுவம் வைத்து இஸ்திரி போட்டுத் தரக் கொடுத்த மூன்று சேலைக்கும் உயரம் செருப்பில்லாமல் அளந்தது. திண்ணையில் வெறுங்கால்தான். இரண்டு அங்குலக் குதிகாலோடு அளந்திருந்தால் அந்த இரண்டு அங்குலமும் தரையில் கிடக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

பட்டை உள்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்த்தாயிற்று. தண்ணீர் தெளிக்கவில்லை, பட்டில் சொட்டு விழுந்த இடம் வளையமாக நிற்கும். சென்ட், ஸ்பிரே எல்லாம் சேலை கட்டுவதற்கு முன்னாலேயே. ஜரிகையில் பட்டால் வெள்ளி கறுக்கும்.

மல்லிகையைச் சாயங்காலம் மொட்டாகவே வாங்கி, தொடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறது. காலைக்கு விரியும். விரிந்த பூவை இன்று வாங்கினால் நாளை ஓரம் பழுத்திருக்கும். எல்லாருக்கும் ஒரே நீளம். ஒருவருக்கு மட்டும் கனகாம்பரம் வைத்தால் அந்த ஆரஞ்சுதான் முதலில் தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கட்டும் வரிசை: முதலில் நின்றுகொண்டே இருக்கக்கூடிய பெரியவர்கள், பிறகு பாட்டியும் தாத்தாவும், கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள். குட்டிப் பையன் பழைய உடுப்பிலேயே சாப்பிட்டு முடித்தான்.

பாட்டியின் தோளில் பின்னைப் பட்டில் நேராகக் குத்தவில்லை. பின்னில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிட்டால், பின்னின் வளைவுக்குள் துணி போய்ச் சிக்காது, பழைய பட்டு கிழியாது. தைத்துவைத்த பட்டுத்துண்டு பட்ட இடத்திலேயே குத்தினோம்.

கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழே பார்த்ததில் கிடைத்தவை: பெரிய மகன் சட்டைப்பையில் போன், மாப்பிள்ளை கையில் ஃபிட்னஸ் பட்டை, பேத்தியின் மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். தாத்தாவின் கண்ணாடியில் வானம் விழுந்தது. காதுப் பக்கக் காம்பைச் சற்றுத் தூக்கியதும் கண்ணாடி முன்னால் சாய்ந்து கண் தெரிந்தது. மேல்துண்டின் மடிப்பு கலையாமல் இருக்க உள்பக்கம் ஒரு பின்.

செப்டம்பர் 1, திங்கள்

வேர்வை பட்ட பட்டைக் கழற்றிய சூட்டில் மடிக்கக் கூடாது. நேற்று மாலை முழுக்க நிழலில் கிடந்தது. சின்ன மருமகள் சேலையில் சந்தனமும் குங்குமமும் பட்டிருக்கிறது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம், குங்குமம் பரவும். டிரை கிளீனிங் கொடுக்கும்போது எந்த இடத்தில் என்ன கறை என்று சொல்லி, வெள்ளை நூலால் சுற்றித் தையல் அடையாளம் போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

பாட்டியின் புடவையை இந்தத் தடவை மூன்றாக மடித்தோம். இதுவரை நான்காக மடித்ததால்தான் அந்த இரண்டு இடமும் விட்டது. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றியாயிற்று. பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைந்து ஜரிகை கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து வேறு கோட்டில் மடிக்க மகள் பொறுப்பேற்றிருக்கிறார். அடுத்தது டிசம்பர் முதல் வாரம்.