ஒரு கட்டுச் சுருட்டும் பொருளியல் வகுப்பும்

1979இல் நாங்கள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, பொருளியல் மாஸ்டர் ஒருநாள் வகுப்புக்கு ஒரு கட்டுச் சுருட்டுக் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டு, "இதிலை என்ன தெரியுது?" என்று கேட்டார். விலை, புகையிலை, லேபிள் என்று ஆளுக்கொன்று சொன்னோம். அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கொப்பற்றை கை தெரியேல்லையோ?"

ஐயா, அதாவது என் தகப்பனார், சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். காம்பு கிழித்துக் கிழித்து நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போன விரல்கள். ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த விரல்களை நாள்தோறும் பார்த்த எனக்கே, கட்டைக் கண்டதும் விலைதான் முதலில் கண்ணில் பட்டது.

அன்றைக்குத்தான் மாஸ்டர் 'மூலதனம்' முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை எடுத்தார். 1867இல் வெளிவந்த புத்தகம். பண்டங்களைச் சூழ்ந்த மாயை என்று மார்க்ஸ் அதில் விளக்குவது இதைத்தான். உழைக்கிறவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை, அவர்கள் செய்த பொருட்கள்தான் சந்தையில் சந்திக்கின்றன. இலங்கையின் தென்பகுதிக் கடையில் சுருட்டு வாங்குகிற விவசாயிக்கு ஐயாவைத் தெரியாது. அந்த விவசாயி விளைவித்த அரிசியைச் சாப்பிடும் எங்களுக்கு அவரைத் தெரியாது. பெறுமதி என்னவோ இலைக்குள்ளேயே ஊறிக்கிடப்பதுபோல் இருக்கும்.

பின்னேரம் கொட்டிலுக்கே ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "உது எனக்குத் தெரியாதே? தெரிஞ்சாலும் நாளைக்கு ஆயிரம் சுத்தத்தானே வேணும்" என்றார்.

ஐயா சொன்னதை நான் போய்ச் சொன்னதும் மாஸ்டரின் முகம் மலர்ந்ததை மறக்கமாட்டேன். "கொப்பர் மார்க்ஸ் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்." காற்று என்னென்ன வாயுக்களால் ஆனது என்று கண்டுபிடித்த பிறகும் காற்று அப்படியேதான் இருக்கிறது, இந்த மாயையும் அப்படித்தான் என்று அதே அத்தியாயத்தில் வருகிறது. தொழிலாளி அறிவில்லாதவர் என்பதால் வருகிற மயக்கமில்லை. தனித்தனியே உழைத்துச் சந்தையில் மாற்றிக்கொள்ளும் வாழ்க்கையே அந்தத் தோற்றத்தை ஒவ்வொரு நாளும் உண்டாக்குகிறது. மார்க்சியம் பேசுகிற பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப்போய், சனங்களுக்கு விளக்கம் போதாது என்று முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

அப்புறம் பல வருடம் கழித்து, ரொறன்ரோவில் இரவு வேலை முடிந்து வந்து ஹங்கேரிய மார்க்சியச் சிந்தனையாளர் லூக்காச்சின் 'வரலாறும் வர்க்க உணர்வும்' படித்தேன். 1923இல் வந்த நூல். தொழிலாளி விற்பது தன் உழைப்புச் சக்தியை, ஆகவே பண்டமாக நிற்பது அவரேதான். அதை அவர் உணர்ந்தால் அந்த உணர்வு வெறும் அறிவாக நின்றுவிடாமல், இருக்கிற நிலைமையையே அசைக்கத் தொடங்கும் என்கிறார் லூக்காச். வாசித்ததும் 1980தான் ஞாபகத்துக்கு வந்தது.

கூலி கூட்டிக் கேட்டு, ஐயாவின் கொட்டிலில் எல்லோரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்த கிழமை அது. மூன்றாம் நாள் நானும் ஐயாவோடு போனேன். முதலாளி வாசலில் நின்றார். உள்ளே பாயில் நனைத்து விரித்த புகையிலை காய்ந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அத்தனையும் வெறும் இலையாகவே கிடந்தது.