ஞாயிறு காலை ஆறு மணிக்கு யார் வருவார்கள்?

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேச, எங்கள் சுற்றுச்சூழல் அமைப்பின் சார்பில் முதன்முதலாகப் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போனபோது, பறவைப் படம் போட்ட பேனர் ஒன்றும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுபோனோம். பூநாரை, கூழைக்கடா, நீளவால் இலைக்கோழி என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஓர் அக்கா எழுந்தார்.

“ஆத்தக் காப்பாத்தணும்னுதான் எங்கள இங்க கொண்டாந்து போட்டாங்க. இப்ப ஏரியக் காப்பாத்தணும்ங்கறீங்க. அடுத்து எங்க அனுப்பப் போறீங்க சார்?”

என்னிடம் பதில் இல்லை. பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. அவர்களில் பலருக்குப் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களில் வீடு கொடுத்தார்கள். மொத்தம் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அந்த இடமோ தண்ணீர் தேங்கும் தாழ்ந்த பகுதி. ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு, 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தபோது சுமார் 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். மீதியை ரோடும் ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் குப்பை மேடும் தின்றுவிட்டன. நாங்கள் பேனரோடு போய் நின்றதோ, வேறு போக்கில்லாமல் அங்கே குடிவந்தவர்களின் வாசலில்.

சரி, பேச்சு வேண்டாம், நேரில் காட்டலாம் என்று பறவை பார்க்கும் நடை ஆரம்பித்தோம். ஞாயிறு காலை ஆறு மணி. பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் பைனாகுலரோடு வந்தார்கள். குடியிருப்பிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள், அவ்வளவுதான். ‘ஆர்வமில்லை’ என்று அறிக்கையில் எழுதினேன். மூன்று வாரம் கழித்துத்தான் விசாரிக்கத் தோன்றியது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் பலருக்குப் பழைய பேட்டைப் பக்கம்தான் இன்னும் வேலை. ஞாயிறு லீவும் கிடையாது. விடியும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும். அம்மா கிளம்பினால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? பெரிய பிள்ளைகள் வராததற்கு அதுதான் காரணம்.

வந்த நான்கு பையன்களைப் பார்த்து ஒருவர், “இவங்கள எல்லாம் யாரு உள்ள விட்டது?” என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். எங்களுக்கு நன்கொடை கொடுப்பவர். நான் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

‘உள்ளூர்த் தன்னார்வலர்கள்’ என்ற வார்த்தையைத் திட்டத்தில் எழுதியதும் நான்தான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்யும் வேலையை, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் சும்மா செய்ய வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆகாயத்தாமரை அள்ளுவதற்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் படி கொடுக்க வேண்டும் என்று பின்னால் கேட்டபோது, காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்றார்கள். யாருக்குப் போய்விடும் என்று நான் கேட்டிருக்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தென்சென்னையின் தாழ்வான பகுதிகள் பல நாள் தண்ணீரில் நின்றன, பெரும்பாக்கமும்தான். அதற்கடுத்த கூட்டத்துக்கு பிஸ்கட் பற்றவில்லை. இந்த முறை அவர்கள் பேசினார்கள், நாங்கள் எழுதினோம். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் முதலில் ஏறியது, எந்தச் சிறுபாலம் அடைத்துக்கிடந்தது, எந்த பிளாக்கில் கர்ப்பிணியை எப்படி இறக்கினார்கள். இவ்வளவு தண்ணீரும் ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும், வழியில் அதைப் பிடித்துவைத்து மெதுவாக விட வேண்டியது சதுப்புதான் என்று நான் விளக்கத் தொடங்கும் முன்பே ஒரு பாட்டி தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிட்டார். பறவையை வைத்து நான் ஆரம்பித்தேன். அவர்கள் தண்ணீரிலிருந்து வந்தார்கள்.

இப்போது நடை மாலை நான்கரைக்கு, மாதம் ஒருமுறை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் வரலாம். அந்த அக்கா ஒருநாள் வந்தார். தூரத்தில் பூநாரைக் கூட்டம். எங்கேயிருந்து வருகின்றன என்று கேட்டார். குஜராத், கட்ச் பக்கம் என்றேன்.

“இதுங்ககிட்ட அலாட்மென்ட் ஆர்டர் கேக்கலியா?”

சிரித்தது அவர் மட்டும்தான்.

படி விஷயம் இந்த வருஷமும் பரிசீலனையில் இருக்கிறது. கணக்கெடுக்க வரும் இரண்டு பெண்களுக்கு இப்போதைக்கு பஸ் செலவு என்ற பெயரில் வவுச்சர் போடுகிறேன்.