பாடத்தை விட்டு வெளியே

ஜூலை 8, 2025, செவ்வாய்

ஜார்ஜ் டவுன் 2008-ஆம் ஆண்டு உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்ட நாள் என்பதால் நேற்று மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் விடுமுறை. விடுமுறைக்கு மறுநாள் யாருக்கும் பாடத்தில் மனம் செல்வதில்லை. ஆகவே எங்கள் நான்காம் படிவ வகுப்பு ஓர் உருப்படியான வேலையில் இறங்கியது. பாடங்களை எளியவை, கடினமானவை என்று பிரிப்பதுதான் வழக்கம். நாங்கள் ஆசிரியர்களைப் பிரித்தோம்: பாடத்தை விட்டு வெளியே அழைத்தால் வருபவர்கள், எப்படி அழைத்தாலும் வராதவர்கள். வரலாற்று ஆசிரியர் ஒருமனதாக முதல் வகையில் சேர்க்கப்பட்டார். கூடுதல் கணித ஆசிரியை இரண்டாம் வகையில்; அதிலும் மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்களைப் பற்றித் தகராறு இருப்பதால், கவனித்துக் குறிப்பெழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையெழுத்து அழகாக இருப்பதால் வரும் தொல்லைகளுள் இதுவும் ஒன்று.

ஜூலை 10, வியாழன்

இயற்பியல் ஆசிரியரை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அழைத்தவுடன் வந்துவிடுகிறார், ஆனால் போகும் இடமெல்லாம் இயற்பியலாகவே இருக்கிறது. இன்று வெப்பம் பற்றிய பாடம். நேற்று மாலை பாடாங் கோத்தா லாமா கடற்கரைத் திடலில் காற்று வாங்கியதாக ஒருவன் அப்பாவியைப் போலப் பேச்சை எடுத்தான். ஆசிரியரும் மகிழ்ச்சியோடு வெண்கட்டியைக் கீழே வைத்தார். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும் என்றும், நிலத்துக்கு அவ்வளவு தேவையில்லாததால் பகலில் தரை விரைந்து சூடேறி அதன்மேல் இருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது என்றும், இரவில் இதுவே தலைகீழாக நடக்கிறது என்றும் சொல்லி முடித்தபோது அரைப் பாடவேளை போயிருந்தது. பிறகு ஐஸ் கச்சாங் என்ற துருவிய பனிக்கட்டி இனிப்பைப் பற்றிக் கேட்டோம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு அதே அளவு நீரை ஏறத்தாழ 80 பாகை சூடாக்கலாமாம். எனக்குப் பசிதான் மிஞ்சியது.

ஜூலை 17, வியாழன்

வரலாற்றில் தேர்ச்சி பெறாவிட்டால் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்ற விதி 2013-இலிருந்து இருக்கிறது. ஆகவே எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தின்மேல் பயம் உண்டு, ஆசிரியர்மேல் இல்லை.

இன்று நடக்கவேண்டியிருந்தது 1948-ஆம் ஆண்டின் மலாயாக் கூட்டரசு. ஆசிரியர் தலைப்பை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது என் பக்கத்து மேசைத் தோழி எழுந்து, "சார், பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கியது இதே தேதியில்தானே?" என்று பணிவாகக் கேட்டாள். முதல் நாள் இரவே தேடிப் பிடித்து வைத்திருந்த தேதி அது. ஆசிரியர் புத்தகத்தை மூடினார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயரான லைட் 1786 ஜூலை 17-இல் இறங்கினாலும் கொடியேற்றித் தீவை முறைப்படி எடுத்துக்கொண்டது ஆகஸ்டு 11-இல்தான் என்று முதலில் திருத்தினார். பிறகு காட்டை வெட்ட ஆட்களுக்கு ஆசை காட்டுவதற்காக வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் நிரப்பிக் காட்டுக்குள் சுட்டதாக வழங்கும் கதையை, தானே பீரங்கி பிடித்தவர் போல நடித்துக் காட்டினார். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் சிலைக்கு லைட்டின் முகம் யாருக்கும் தெரியாததால், அடிலெய்டு நகரைத் திட்டமிட்ட அவருடைய மகன் வில்லியமின் சாயலைக் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுவதையும் கூறினார். இதுவரை சிரிப்பு.

ஆசிரியர் கெடாக்காரர்; பினாங்கு முன்பு கெடா சுல்தானுக்குச் சொந்தமான தீவு. சுல்தான் அப்துல்லா சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிராக ஆங்கிலேயரின் படையுதவி கிடைக்கும் என்று நம்பித் தீவைக் கொடுத்ததையும், அந்த உதவி வராததையும், 1791-இல் தீவை மீட்க முயன்று தோற்றதையும், கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலருக்கு ஒப்பந்தம் முடிந்ததையும் சொல்லும்போது அவர் நடிக்கவில்லை. தம் சொந்த ஊரில் யாரோ வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டதைச் சொல்பவரைப் போல, குரலைத் தாழ்த்தி, ஆண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். மணி அடித்தபோது கரும்பலகையில் தலைப்பும் அடிக்கோடும் மட்டுமே இருந்தன. எங்கள் தரப்பில் இது பெரும் வெற்றியாகக் கருதப்பட்டது.

ஜூலை 22, செவ்வாய்

நன்னெறிக் கல்வி. எழுத அதிகம் இல்லை. அக்கா படித்த காலத்தில் 36 நெறிகளையும் வரையறையோடு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்யவேண்டியிருந்ததாம். பொறுப்புணர்வின் வரையறையை அவள் இன்றும் ஒரே மூச்சில் சொல்கிறாள். சாப்பிட்ட தட்டு மட்டும் மேசையிலேயே இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

எங்கள் வெற்றியின் இலட்சணம் இன்றுதான் தெரிந்தது. மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1955 ஜூலை 27 என்பதால், "சார், நேற்று எழுபது ஆண்டுகள் முடிந்தன" என்று தோழி மறுபடியும் தூண்டிலைப் போட்டாள். ஆசிரியர் தயங்காமல் வந்தார். 52 இடங்களில் அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்று கட்சிகளின் கூட்டணி 51-ஐப் பிடித்த கதையையும், மீதி ஓர் இடம் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சிக்குப் போனதையும், மேடைப் பேச்சுகள், சின்னங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் கேள்விமேல் கேள்வி கேட்டு அவரை ஓட்டினோம். கடைசி ஐந்து நிமிடத்தில் பாடப்புத்தகத்தை விரித்து, "தேர்தல் அத்தியாயம் முடிந்தது, வெள்ளிக்கிழமை சோதனை" என்றார். அப்படி ஓர் அத்தியாயம் இருப்பதை யாருமே பார்த்து வைக்கவில்லை. பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

ஜூலை 30, புதன்

பள்ளி முடிந்த பிறகு தமிழ் வகுப்பு. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்ற ஏற்பாட்டின்படி நடப்பது இது. பினாங்கு ஃபிரீ பள்ளியில் 1816-இல் தொடங்கிய தமிழ் வகுப்பே நாட்டின் முதல் தமிழ் வகுப்பு என்று டீச்சர் அடிக்கடி நினைவூட்டுவார். குறிப்பாக யாராவது கொட்டாவி விடும்போது. இன்று கட்டுரைத் தாள்கள் திரும்பக் கிடைத்தன. மொழியணிக்குப் புள்ளி உண்டு என்று யாரோ சொல்லப்போய், ஒருவன் ஒரே பத்தியில் அல்லும் பகலும், அருமை பெருமை, மேடு பள்ளம், ஈவு இரக்கம் ஆகிய அனைத்தையும் இறக்கியிருந்தான். கட்டுரைத் தலைப்பு நூலகத்தின் பயன். "இந்த நூலகத்துக்கு நடந்து போகவே பயமாக இருக்கிறதே, தம்பி" என்று டீச்சர் ஓரத்தில் எழுதியிருந்தார். முதல் வகையில் சேர்க்கத் தகுந்தவர். ஆனால் வெளியே அழைத்துப் போவது நாங்கள் அல்ல, அவர்தான்.

ஆகஸ்டு 5, செவ்வாய்

கூடுதல் கணிதத்தில் தொடர்கள் நடக்கின்றன. ஆசிரியையின் கல்லூரி நாள்களைப் பற்றி ஒருவன் கேட்டதற்கு, "நான்காம் வினா" என்பதே பதில். அந்த நேரத்தில் கதவருகே வந்து நின்றாள் தாமதத்துக்குப் பேர்போன தோழி. கடந்த வாரம் அவள் 2 நிமிடம் தாமதம், பிறகு 4, இன்று 8. ஆசிரியை அவளைத் திட்டவில்லை. மூன்று எண்களையும் பலகையில் எழுதி, பொதுவிகிதம் 2 என்று குறித்து, பத்தாம் முறை எவ்வளவு தாமதமாக வருவாள், பத்து முறைகளின் கூட்டுத்தொகை என்ன என்று எங்களைக் கேட்டார். விடை 1,024 நிமிடமும் 2,046 நிமிடமும்.

இது பாடத்தை விட்டு வெளியே வந்ததாகுமா, ஆகாதா என்று உணவு இடைவேளை முழுவதும் வாதம் நடந்தது. தாமதத் தோழி வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. 7.30 மணிக்குத் தொடங்கும் பள்ளிக்குப் பத்தாம் முறை தான் நள்ளிரவு 12.34-க்கு வந்து சேர்வதாகவும், அந்த நேரத்தில் காவலாளி கதவைத் திறக்க மாட்டார் என்பதால் அன்றைக்குத் தனக்கு விடுமுறை தரவேண்டும் என்றும் விடைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வழிமுறைக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கிறது.