கருவிழி தானம் பற்றிய கேள்வி: சிபிசி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் நர்சிங்கோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக எழுதும் வேலை) படித்து, அதற்கான சிபிசி சான்றிதழ் தேர்வு எழுத வருகிறவர்கள் நிறைய. உடற்கூறியல் அவர்களுக்குப் பெரிய பாரமில்லை. குழப்புவது இசட் கோடுகள்தான், அதாவது நோய் தவிர வேறு காரணத்துக்காக ஒருவர் மருத்துவமனைக்கு வந்ததையோ அவருடைய நிலையையோ சொல்லும் கோடுகள். அதில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள் என்று யாராவது கேட்டால் நான் இசட்52.5ஐச் சொல்வேன். கருவிழி தானம் செய்பவருக்கான கோடு அது.

நம் ஊரில் கண் தானம் என்றால் இறந்த பிறகு செய்வது. வீட்டிலிருந்து யாராவது கண் வங்கிக்கு ஃபோன் போடுவார்கள், 6 மணி நேரத்துக்குள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நினைப்போடு கோடு புத்தகத்தின் இன்டெக்ஸில் டோனர், அதன் கீழ் கார்னியா என்று தேடினால் இசட்52.5 உடனே கிடைத்துவிடும். கிடைத்ததும் டிக் அடிக்கத்தான் கை போகும். ஆனால் இசட்52 பிரிவு முழுக்க உயிரோடு இருப்பவர்களுக்கானது. இறந்தவரின் தானத்துக்கு இதைப் போடக் கூடாது என்று ஐசிடி-10-சிஎம் என்ற, நோய்களுக்கான கோடு புத்தகத்தின் வழிகாட்டுதல்களில், 21ஆம் அத்தியாயத்துக்கான பகுதியில், டோனர் என்ற தலைப்பின் கீழ் எழுதியே வைத்திருக்கிறார்கள். இசட்52க்குக் கீழே, எதற்கெல்லாம் இந்தக் கோடு ஆகாது என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பும் அதையே சொல்கிறது.

சரி, உயிரோடு இருக்கும்போது யார் கருவிழியைக் கொடுப்பார்? தனக்குத் தானேதான். ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை நரம்பு பழுதாகி, இனி பார்வை வராது. ஆனால் அந்தக் கண்ணின் கருவிழி தெளிவாக இருக்கிறது. மறு கண்ணில் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்து, கருவிழி மட்டும் தழும்பேறிக் கிடக்கிறது. அந்தத் தெளிவான கருவிழியை எடுத்து இந்தக் கண்ணில் வைப்பார்கள். சொந்தத் திசு என்பதால் உடல் அதை நிராகரிக்கும் பயமில்லை. அபூர்வமான அறுவைதான், ஆனாலும் சுயதானமும் இசட்52இல் அடங்கும் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. தானம் கொடுக்க முடியுமா என்று பரிசோதனைக்கு மட்டும் வந்திருந்தால் இசட்00.5.

ஆகவே சார்ட்டை எடுத்ததும் ஆள் யார் என்று பாருங்கள். கருவிழியைப் பெறுகிறவருக்கு அவருடைய நோய்தான் கோடு. கெரட்டோகோனஸ் (கருவிழி கூம்பு போலப் புடைக்கும் நோய்) என்றால் எச்18.6 வரிசை. முன்பே மாற்றி நன்றாக இருக்கிறவர் வேறு காரியமாக வந்தால் இசட்94.7. மாற்றிய கருவிழியை உடல் நிராகரித்துவிட்டால் டி86.84 (ஆங்கில T) வரிசைக்குப் போக வேண்டும். அப்போது இசட்94.7ஐக் கூடவே சேர்க்கக் கூடாது, மாற்று அறுவை நடந்த விஷயம் டி86லேயே இருக்கிறது.

சிபிடி, அதாவது அறுவை, சிகிச்சைகளுக்கான கோடுகள் பக்கம் வந்தால் கண்ணின் லென்ஸைப் பாருங்கள். முழுத் தடிமன் கருவிழி மாற்று அறுவைக்குச் சாதாரணமாக 65730. கண்ணில் லென்ஸே இல்லையென்றால் 65750, செயற்கை லென்ஸ் இருந்தால் 65755. 'முன்பு கண்புரை அறுவை செய்து ஐஓஎல் வைத்தவர்' என்ற ஒரு வரி நோயாளியின் பழைய வரலாற்றில் சாதாரணமாகக் கிடக்கும், விடையே அதில்தான். ஐஓஎல் என்பது அந்தச் செயற்கை லென்ஸ்தான். முன்அடுக்கு மட்டும் என்றால் 65710, உள்அடுக்கு மட்டும் என்றால் 65756. அந்த உள்அடுக்குத் திசுவை அறுவைக் கூடத்தில் மருத்துவரே தயார் செய்திருந்தால்தான் 65757ஐக் கூடச் சேர்க்கலாம். கண் வங்கியே வெட்டித் தயாராக அனுப்பியிருந்தால் அது கிடையாது. இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஆவணத்தைப் படிக்காதவரை அப்படியே பிடித்துக் கொடுத்துவிடும்.

தேர்வில் புத்தகம் பார்க்கலாம். 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை, அங்கே உட்கார்ந்து வழிகாட்டுதலைத் தேட முடியாது. டோனர் பத்தியை இப்போதே கோடிட்டு, பக்க ஓரத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், சீனியர் அக்கா கொடுத்த பழைய புத்தகத்தை நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். ஐசிடி ஒவ்வொரு அக்டோபரிலும், சிபிடி ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறது. டி86.84 வரிசையில் வலது கண், இடது கண் என்று பிரித்துக் காட்டும் கடைசி இலக்கம் 2020 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் அந்தக் கடைசி இலக்கம் இல்லாமல் கோடு அரைகுறையாகத்தான் இருக்கும்.