இவருக்குப் பதில் இவர்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், பட்டாலையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பழைய டாக்டர் ஹூ, பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடர், பார்த்துக்கொண்டிருந்தேன். 1966-இல் வந்த கறுப்பு வெள்ளைத் துண்டு. தரையில் கிடக்கும் கிழவரின் முகம் வெளிச்சத்தில் கரைந்து வேறு ஆளாகிறது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்து, "என்னடா, இவருக்குப் பதில் இவரா?" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அதேதான் விஷயம். நம் மெகா சீரியலில் ஆள் விலகினால் கீழே ஒரு வரி ஓடும், மறுநாள் அதே மனைவி புது முகத்தைப் பார்த்து "என்னங்க" என்பாள், நாமும் ஒன்றும் கேட்க மாட்டோம். 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூவிலும் இதே சிக்கல் வந்தது. 'டாக்டர்' என்ற நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியவில்லை, தொடரை நிறுத்தவும் பிபிசிக்கு மனசில்லை. சரி, இவர்தான் வேற்றுக்கிரகத்து ஆளாயிற்றே, உடம்பு தேய்ந்தால் புதுசு எடுத்துக்கொள்வார் என்று அதையே கதையாக்கிவிட்டார்கள். அடுத்து வந்த பேட்ரிக் டிரௌட்டனும் பழையவர் மாதிரி நடிக்கவில்லை, கொஞ்சம் கோமாளித்தனமான வேறு ஒரு டாக்டராகவே வந்து நின்றார்.

எங்கள் பட்டாலையில் தூணடியில் மூன்று ஆத்தங்குடிக் கல் மட்டும் பின்னால் மாற்றியவை. அதே பூதான், ஆனால் சிவப்பு ஒரு சாயல் கூடுதல், வருகிறவர்கள் கண் நேரே அங்கேதான் போகும். சீரியல்காரர்கள் செய்வது அது. இவர்கள் உடைந்த இடத்தில் வேறு பூவையே பதித்துவிட்டார்கள்.

ஒட்டுப்போட்டால் இன்னொரு ஒட்டு வேண்டும், அது வேறு கதை. பன்னிரண்டு தடவைதான் உடம்பு மாற்றலாம் என்று 1976-இல் போகிறபோக்கில் ஒரு விதி எழுதிவிட்டார்கள். அப்போது ஓடியது நான்காவது டாக்டர், யாருக்குக் கவலை? 2013-இல் கணக்குத் தீர்ந்துபோய், அந்த கிறிஸ்துமஸ் எபிசோடில் அவசரமாகப் புதுக் கணக்கு திறக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எடுத்தது பாபிலோன் 5 என்ற அமெரிக்க விண்வெளித் தொடர். ஐந்து வருஷக் கதை, எந்த நடிகர் போனாலும் சமாளிக்க ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பின்வாசல். முதல் சீசனோடு நாயகனே போய்விட்டார். நாலாவதோடு மூடிவிடுவார்கள் என்று பயந்து கடைசி சீசனுக்கு வைத்திருந்த கதையையும் அதிலேயே திணித்தார்கள், அப்புறம் பார்த்தால் ஐந்தாவதுக்கும் அனுமதி வந்துவிட்டது! அந்த ஐந்தாவது இழுவை என்பது என் கருத்து, சண்டைக்கு வரலாம். திட்டம் போட்ட கதையைவிட மாட்டிக்கொண்டு முழித்த கதைதான் எனக்குப் பிடிக்கிறது.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொல்லவில்லை. அவருக்கு ஒரே சந்தேகம். "அந்தப் பெரியவர் அப்புறம் வரவே இல்லையா?"

வந்தார். பத்தாண்டு நிறைவுக்காக மூன்று டாக்டர்களும் சேர்ந்த கதை, 1973-இல் முடிந்தது. நிற்க முடியாததால் உட்கார்ந்தே நடித்தார், ஒரு திரைக்குள்ளிருந்து மற்ற இருவரையும் அதட்டுவதாகக் காட்டினார்கள்.

"அதானே," என்று உரலைத் தட்டினார் அப்பத்தா. "சொல்லாமக் கொள்ளாமப் போற ஆளாத் தெரியல."