டைட்டஸ் வளைவில் ஒரு கழுகு

ரோமில் கொலோசியம் பார்க்கப் போகிறவர்கள், அதே டிக்கெட்டில் பார்க்கக் கிடைக்கும் டைட்டஸ் வளைவை ஒரு படம் எடுத்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு ரோமில் வேறெங்கும் அப்படி மனம் கனக்கவில்லை.

வளைவின் உள்சுவரில் அந்தச் சிற்பம் இருக்கிறது. கி.பி. 70-ல், பின்னாளில் பேரரசரான டைட்டஸின் தலைமையில் யூதர்களின் எருசலேம் ஆலயத்தைச் சூறையாடிய ரோமப் படை, ஏழு கிளை விளக்குத்தண்டைத் தோளில் சுமந்து வெற்றி ஊர்வலம் போகிறது. ஆட்களின் முகங்கள் பலவும் சிதைந்துவிட்டன. விளக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. 2012-ல் நடந்த ஆய்வில் அதன்மேல் மஞ்சள் சாயத்தின் தடயம் கிடைத்தது. யூதர்கள் தங்கள் ஆலயத்துக்குச் செலுத்திவந்த காணிக்கையை, போருக்குப் பிறகு ரோமின் ஜூபிடர் கோயிலுக்கு வரியாகக் கட்டவேண்டி வந்தது. தோற்றவர்களை இதைவிட எப்படி அவமதிக்க முடியும்?

அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். கூரையின் நடுவே, இறந்த டைட்டஸைக் கழுகு ஒன்று வானத்துக்குத் தூக்கிப் போகிறது. பேரரசர் தெய்வமாகிவிட்டார் என்று பொருள்.

உடனே எஸ்றாவின் நான்காம் நூல் நினைவுக்கு வந்தது. ஆலயம் இடிந்த துயரத்தில், முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஒரு யூதர் எழுதியது. அதில் கடலிலிருந்து, ரோமைக் குறிக்கும் மூன்று தலைக் கழுகு எழும்புகிறது. அந்தத் தலைகள் ரோமப் பேரரசர்களான வெஸ்பாசியன், டைட்டஸ், டொமிஷியன் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். ஒரு சிங்கம் வந்து கழுகின் கொடுமைகளைச் சொல்லி அதன் அழிவை அறிவிக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் யோவான் என்பவர் எழுதிய, பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டிலும் கடலிலிருந்து மிருகம் எழும்புகிறது; யூதா குலத்துச் சிங்கம் வருகிறது; ஏழு மலைமேல் அமர்ந்த நகரம் வீழ்கிறது. சிறுத்தை, கரடி, சிங்கம் மூன்றும் கலந்த அந்த மிருகம், யூதர்களின் பழைய மறைநூலான தானியேல் நூலிலிருந்து வந்தது. அந்த மிருகத்தின் எண்ணான 666-உம், பேரரசர் நீரோவின் பெயரை 'நெரோன் கைசர்' என்ற கிரேக்க வடிவில் எபிரேய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் கிடைப்பதுதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பத்தொன்பது நூற்றாண்டு தள்ளி நடக்கப்போவதைச் சொல்லும் ஜோசியமாக இதைப் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. இது ரோம ஆட்சியின்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. பேரரசின் சரக்குப் பட்டியலில் பொன், பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மனிதர்களையும் சேர்க்கிறார் யோவான். அந்தக் கோபம் யூத மரபின் கோபம். அதே நூலின் 'சாத்தானின் கூட்டம்' என்ற சொற்களை எடுத்து, பின்னாளில் கிறிஸ்தவர்கள் யூதர்கள்மீதே வீசியதுதான் தாங்க முடியாத கொடுமை.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கான்ஸ்டன்டைன் வளைவு. கி.பி. 315-ல் எழுப்பியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து அரசின் ஆதரவு கிறிஸ்தவத் திருச்சபைக்குக் கிடைத்தது; ரோமை மிருகம் என்று சொல்லவேண்டிய தேவை அதற்கு இல்லாமல் போனது. எஸ்றாவின் கழுகு நூலோ, எபிரேய மூலம் தொலைந்து, லத்தீன், சிரியாக் முதலிய மொழிகளில் கிறிஸ்தவர்கள் எடுத்த பிரதிகளில்தான் பிழைத்திருக்கிறது.