இரவு நீச்சலுக்கு முன்: வடிகால் மூடி தெரிகிறதா?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களை ஒட்டிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அங்கொன்றும் இங்கொன்றுமாக வீட்டு நீச்சல் குளம் வந்துவிட்டது. பகல் வெயிலுக்குப் பயந்து பலரும் இருட்டிய பிறகுதான் இறங்குகிறார்கள். கடைக்காரர் நிறம் மாறும் விளக்கை எடுத்துக் காட்டுவார், அது கிடக்கட்டும். குளத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள்: ஆழமான பக்கத்து வடிகால் மூடியின் துளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத இரவில் யாரும் இறங்கக் கூடாது. முங்கிப்போனவர் அடித்தளத்தில் கிடக்கலாம்.

நீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டாகவே இருக்கட்டும். டிரான்ஸ்ஃபார்மர் குளத்து விளிம்பிலிருந்து 3.5 மீட்டருக்கு அப்பால், மழை படாத இடத்தில். 8க்கு 4 மீட்டர் குளத்துக்கு 18 வாட் எல்இடி இரண்டு, நீர்மட்டத்துக்கு 45 முதல் 60 செ.மீ. கீழே, வீட்டுப் பக்கச் சுவரில் வையுங்கள். எதிர்ச் சுவரில் வைத்தால், உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரின் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். கருநீல ஓடு பதித்த குளம் ஒளியை விழுங்கும்; அதற்கு மூன்று விளக்கு.

அஞ்சடி (வீட்டு முன்நடை) விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டால் நீரின் மேற்பரப்பு கண்ணாடியாகிவிடும், அடித்தளம் மறைந்துபோகும். மேலே மங்கல், கீழே பிரகாசம், இதுதான் கணக்கு. நீல, ஊதா நிறங்கள் பார்க்க அழகு, ஆனால் ஆள் நீந்தும்போது வெள்ளைதான். நீல நீச்சலுடை நீரில் கரைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் வாங்குங்கள்.

வயரிங்கைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 30 மில்லியம்பியர் ஆர்சிடி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) அவசியம். ஆனால் 12 வோல்ட் பக்கம் விளக்குக்குள் நீர் கசிந்தால் அந்த ஆர்சிடி மின்சாரத்தைத் துண்டிக்காது. கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கிறதா என்று நாமேதான் பார்க்க வேண்டும். விளக்கைக் கழற்றினால் நீர் புகாமல் அடைக்கும் பழைய ரப்பர் கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. திருகுகளை எதிரெதிராக இறுக்குங்கள். நீர்மட்டம் இறங்கி, விளக்கின் உயரத்தோடு நின்றுவிட்டால், ஒழுகுவது விளக்குக்குப் பின்னால் இருக்கும் வயர் குழாய் வழியாகத்தான் பெரும்பாலும்.

இனி தண்ணீர். சராசரி 1.25 மீட்டர் ஆழமென்றால் அதே 8க்கு 4 மீட்டர் குளம் 40,000 லிட்டர். குளோரினை 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) உயர்த்த 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் ஏறக்குறைய 62 கிராம். மாலை ஐந்து மணிக்குச் சோதியுங்கள்: குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8. குறைவாக இருந்தால் கொஞ்சமாகப் போட்டு பம்ப்பை ஓடவிட்டு, இறங்கும் முன் இன்னொரு தடவை சோதியுங்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் ஷாக் டோஸை (வழக்கத்தைவிட மிக அதிகமான குளோரினை) இரவில் போடச் சொல்வார்கள். சரிதான், ஆனால் எல்லோரும் ஏறிய பிறகு. அந்தத் தூளைக் குளோரின் வில்லைகளோடு ஒரே வாளியில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

மாலை மழை செம்மண்ணைக் குளத்தில் இறக்கிவிட்டால் அன்று நீச்சல் இல்லை. ஃபில்டர் அழுத்தம் சுத்தமான அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். இடி கேட்டால் உடனே ஏறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

மழை விட்டதும் ஈசல் வரும், செம்பனையிலிருந்து காண்டாமிருக வண்டு வரும். வெளி விளக்கை மஞ்சளாக்கி, குளத்தைவிட்டுத் தள்ளி வைத்தால் குறையும். ஆரஞ்சும் கறுப்புமாக மெல்லிய சார்லி பூச்சி உடம்பில் உட்கார்ந்தால் நசுக்காதீர்கள், ஊதித் தள்ளிவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். நசுக்கினால் தோல் கொப்பளிக்கும்.

வேலி 1.2 மீட்டர், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கைக்கெட்டும் இடத்தில் நீளக் கழியும் மிதவை வளையமும். தண்ணீரில் இறங்காத பெரியவர் ஒருவர் கரையில், கைப்பேசியைப் பார்க்காமல். படி விளிம்புகளில் அடர்நிற ஓடு.

தவளையைத் தேடிப் பாம்பு வரும் ஊர் இது. மிதக்கும் குப்பையை இழுத்துக் கூடையில் சேர்க்கும் ஸ்கிம்மரின் மூடியைக் கம்பியால் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கூடையில் கை வையுங்கள்.